எட்டுக்கால் குட்டி சட்டை உரித்த காலை

எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷம், மாங்காய்ப் பருவத்தில், மாமனார் ஒரு கூடை அனுப்பினார். குருபரப்பள்ளியிலிருந்து உள்ளே தள்ளி ஒரு மாந்தோப்பை அவர் குத்தகைக்கு எடுத்திருந்தார். வைக்கோல் திணித்துக் கட்டிய கூடையை பஸ் மேலே ஏற்றி, கண்டக்டரிடம் சொல்லிவிட்டிருந்தார். ஓசூர் பஸ் ஸ்டாண்டில் நான் போய் அதை இறக்கித் தோளில் சுமந்து வந்தேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் நான் ட்ரில்லிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். உத்தனப்பள்ளிப் பக்கம் கூலி வேலை செய்த குடும்பம் எங்களுடையது. ஐ.டி.ஐ. முடித்து மாதச் சம்பளத்துக்கு வந்ததில் நான்தான் முதல் ஆள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட வரிசை வீடுகளில் கடைசி வீடு எங்களுக்கு. முதல் வீட்டில் வீட்டுக்கார அம்மா இருந்தார். கன்னடக்காரர். தமிழில் ஆரம்பிப்பார், கன்னடத்தில் முடிப்பார்.

என் மனைவி கூடையைப் பிரித்துக் காய்களைத் தரையில் பரப்பிக்கொண்டிருந்தாள். வைக்கோலுக்குள்ளிருந்து ஏதோ ஓடியது. கால்களையும் சேர்த்து ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம் இருக்கும். சாம்பல் நிறம், உடம்பெல்லாம் மெல்லிய ரோமம். சுவரோரம் போய் அசையாமல் ஒட்டிக்கொண்டது. நான் செருப்பை எடுத்தேன். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். கல்யாணமாகி ஒரு மாதத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகியிருந்தது. அவளாக என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

"அடிக்காதிங்க. குட்டி அது," என்றாள்.

மீந்துபோன எங்கள் கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து வந்தாள். டம்ளரைச் சிலந்தியின் மேல் கவிழ்த்து, பத்திரிகையை அடியில் மெல்லச் செருகி, இரண்டையும் சேர்த்துத் தூக்கினாள். தோப்பில் வயதான மரங்களின் பொந்துகளில் இவை இருக்குமாம். பெரிதானால் உள்ளங்கையை நிறைக்குமாம். கடித்தால் கை வீங்கிச் சில நாள் நோகும், மற்றபடி ஒன்றும் ஆகாது, நாம் சும்மா இருந்தால் அதுவும் சும்மா இருக்கும் என்று சொன்னாள். அதுவரை அவள் என்னிடம் தொடர்ந்து அவ்வளவு நேரம் பேசியதில்லை. எங்கே கொண்டுபோய் விடலாம் என்று கேட்டேன்.

"இங்க வெளிய விட்டா கோழி கொத்திடும். கொஞ்சம் பெருசாவட்டும்," என்றாள்.

டரன்டுலா என்ற பெயரெல்லாம் பல வருஷம் கழித்து டி.வி. பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது. அப்போது எனக்கு அது எட்டுக்கால் பூச்சி. அவளுக்குக் குட்டி.

ஊறுகாய் பாட்டில் ஒன்றைக் கழுவிக் காயவைத்தாள். மூடியை நான் கம்பெனிக்கு எடுத்துப்போய், சாப்பாட்டு நேரத்தில், இருப்பதிலேயே சின்ன ட்ரில் பிட்டைப் போட்டுத் துளைகள் போட்டேன். உள்பக்கம் பிசிறு நின்றால் கால் மாட்டிக்கொள்ளும் என்று அரம் வைத்து வழவழவென்று தேய்த்தேன். பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்துவிட்டு, மீன் வளர்க்கிறாயா என்று கேட்டார். மீனுக்கு எதற்குத் துளை என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஆமாம் என்றேன்.

பாட்டிலுக்குள் ஈர மண், அதன் மேல் தேங்காய் நார், சாய்வாக ஒரு மரப்பட்டை, சோடா மூடியில் தண்ணீர். சிலந்தி முதலில் பட்டையின் பின்னால் ஒளிந்தது. அடுத்த நாளே அங்கே வெள்ளையாக நூல் இழுத்துக் குழாய் போல ஒரு வீடு கட்டிக்கொண்டது. சுவரில் ஒரு மாடம் இருந்தது, அதில் பாட்டிலை வைத்தோம். சாமி படத்துக்குப் பக்கத்திலா என்று கேட்டேன். சாமிக்கு இது தெரியாததா என்றாள்.

இரை தேடுவது என் பொறுப்பாகிவிட்டது. அவள் என்னிடம் கேட்டு வாங்கிய முதல் பொருள் பூவும் இல்லை, புடவையும் இல்லை. கரப்பான் பூச்சி. அதுவும் சின்னதாக இருக்க வேண்டும்; சிலந்தியின் வயிற்றைவிடப் பெரியதாக இருந்தால் அது பயந்துகொள்ளும். எங்கள் வீட்டில் அவள் பெருக்கித் துடைத்ததில் கரப்பானே இல்லாமல் போயிருந்தது. கம்பெனி கேன்டீனில் மாவு மூட்டைகளுக்குப் பின்னால் நிறைய இருந்தன. ஒரு காலி பிலிம் டப்பாவோடு நான் அங்கே குனிந்து நிற்பதைக் கேன்டீன் சமையல்காரர் பார்த்துவிட்டார். தேவாலயத் தெருவில் குடியிருந்த கத்தோலிக்கர், நல்ல மனிதர். என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சட்டென்று வாயில் வந்ததைச் சொன்னேன்: வீட்டில் மருந்துக்கு. யாருக்கு என்றார். என் சம்சாரத்துக்கு என்றேன். இழுப்பு நோய்க்கு யாரோ அப்படி ஒரு நாட்டு வைத்தியம் செய்வதாக அவரும் கேள்விப்பட்டிருக்கிறார் போல. அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து அவரே பிடித்து, ஒரு டப்பாவில் போட்டு, முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு என் கையில் கொடுக்க ஆரம்பித்தார்.

சிலந்தி சாப்பிடுவதைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு வேலையாயிற்று. அவள் மூடியைக் கொஞ்சமாகத் திறந்து பூச்சியை உள்ளே போடுவாள். சிலந்தி நகராது. பூச்சி நாரின் மேல் கால் வைத்ததும், எப்போது பாய்ந்தது என்று தெரியாது, பூச்சி அதன் வாயில் இருக்கும். பிறகு அது செய்கிற காரியம்தான் அழகு. இரையைக் கவ்வியபடியே தரையில் மெல்ல வட்டமாகச் சுற்றும். வயிற்று நுனியால் தொட்டுத் தொட்டு நூல் விரிக்கும். பாய் விரித்துவிட்டுச் சாப்பிட உட்காருகிறது என்பாள் அவள். சாப்பிட்டு முடித்துப் போட்ட சக்கையை மறுநாள் துடைப்பக் குச்சியால் எடுத்து எறிந்துவிடுவாள். இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்குமாம்.

அந்தக் கோடை முழுக்க எனக்கு நைட் ஷிப்ட். விடிந்து வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுப் படுத்தால் மத்தியானம் தாண்டும்வரை தூக்கம். தூக்கம் என்று சொல்வதும் சரியில்லை. காதுக்குள் ட்ரில் ஓடிக்கொண்டே இருக்கும். வெயில் ஏற ஏற ஆஸ்பெஸ்டாஸ் கூரை டிக் டிக்கென்று விரியும். பெங்களூர் ரோட்டில் லாரிகள் போகிற சத்தம் தரை வழியாக முதுகுக்கு வரும். பாயோடு சேர்ந்து நானும் எங்கோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதுபோல இருக்கும். பழுக்கிற மாம்பழ வாசனை அறையெல்லாம் நிறைந்திருக்கும். அந்த மயக்கத்துக்குள் ஒரு குரல் கேட்க ஆரம்பித்தது. யாரோ யாரிடமோ தணிவாகப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் மனைவி சிலந்தியிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

முதல் சில நாள் அது கனவு என்றே நினைத்தேன். இந்த மனுஷன் தூங்கும்போதுகூட வலது கையை மேலும் கீழும் இழுக்கிறார், மெஷினின் கைப்பிடி என்று நினைப்பு போலிருக்கிறது என்று அந்தக் குரல் சொன்னது. தண்ணீர்க் குழாயடியில் எல்லோரும் கன்னடத்திலும் தெலுங்கிலும் பேசுகிறார்கள், சிரிக்கும்போது நானும் சிரித்துவைக்கிறேன், என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்னவோ என்று சொன்னது. காலையில் போகிற சைக்கிள் கூட்டத்தில் கம்பெனிக்குப் போகிற பெண்களும் இருக்கிறார்கள், ஒருத்தி நேற்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள் என்றது. விழித்துப் பார்த்தால் அவள் அடுப்படியில் இருப்பாள். டீ வேணுங்களா என்று மட்டும் கேட்பாள். நானும் போடு என்று மட்டும் சொல்வேன். எங்கள் பேச்சு அவ்வளவுதான்.

ஒரு நாள் அந்தக் குரல் ஜன்னலைப் பற்றிப் பேசியது. எங்கள் அறையில் பின்பக்கம் ஒரு மர ஜன்னல். நாங்கள் குடிவருவதற்கு முன்பே பெயின்ட் அடித்து, கதவும் சட்டமும் ஒட்டிக்கொண்டு, திறக்கவே முடியாமல் இருந்தது. அதற்கு அந்தப் பக்கம் மரம் இருக்கிறதென்று நினைக்கிறேன், காற்றடித்தால் இலைச் சத்தம் கேட்கிறது, ஆனால் ஒரு நாளும் பார்த்ததில்லை என்றது குரல்.

அன்று சாயங்காலம் உளியும் சுத்தியலும் எடுத்து ஜன்னல் சட்டத்தைச் சுற்றி பெயின்ட்டைச் சுரண்டினேன். இரண்டு கதவையும் தட்டித் தட்டி நெகிழ்த்தினேன். திறந்தபோது காற்று அப்படியே உள்ளே வந்து விழுந்தது. அந்தப் பக்கம் யாருக்கோ சொந்தமான காலி மனை. கொஞ்சம் தள்ளி ஒரு புங்க மரம், அதற்குப் பின்னால் தொழிற்பேட்டையின் தண்ணீர் டேங்க். அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு திரும்பி என்னைப் பார்த்தாள்.

"உங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ன தெரியும்?"

"ஜன்னலு."

தூக்கத்தில் தோன்றியது என்றேன். அவள் முகம் சிவந்து போனது. அடுப்படிக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு பகலில் அந்தக் குரல் கேட்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு காத்திருப்பேன். கூரை விரிகிற சத்தமும் லாரிச் சத்தமும் மட்டும் இருக்கும். நல்லது செய்யப்போய் இப்படி ஆகிவிட்டதே என்று இருந்தது. இவ்வளவு அமைதியாக அந்த அறை இருந்து நான் அறிந்ததில்லை.

அந்தச் சமயத்தில்தான் சிலந்தி சாப்பிடுவதை நிறுத்தியது.

பூச்சி மேலேயே ஏறி நடந்தாலும் விலகிக்கொண்டது. முதலில் பசியில்லை போல என்று விட்டோம். அடுத்த வாரமும் அப்படியே. வயிறு மட்டும் உப்பிக்கொண்டு பளபளத்தது. ரோமத்தின் நிறம் மங்கி, தூசி படிந்த துணிபோல ஆயிற்று. பிறகு நூல் வீட்டின் வாசலையும் உள்ளிருந்து அடைத்துக்கொண்டது. எனக்கு அது சாகப் போகிறது என்று தோன்றியது. இன்னும் மெல்லிய பூச்சியாகப் போட்டுப் பார்ப்போமா, தலையைக் கிள்ளிப் போட்டுப் பார்ப்போமா என்று கேட்டேன். அவள் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"பாம்பு சட்டை உரிக்கறதுக்கு முன்னாடி திங்காது. இதுவும் அப்பிடித்தான் இருக்கும். ஒண்ணும் போடாதிங்க. உள்ள உயிரோட எதனா ஓடினா அதுக்குத் தொந்தரவு," என்றாள்.

அது அவளுடைய ஊகம்தான். அவளும் நிச்சயமாகச் சொல்லவில்லை. உள்ளே திரிந்த கரப்பானைக் குச்சியால் தள்ளி வெளியே எடுத்தாள். சோடா மூடியில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொண்டாள். விரலைத் தண்ணீரில் நனைத்து நாரின் ஒரு ஓரத்தில் மட்டும் தெளிப்பாள், சிலந்தியின் மேல் ஒரு சொட்டு விழாதபடி. ஜன்னல் திறந்ததால் வெயில் நேராக மாடத்தில் விழுந்தது. அவளுடைய பழைய பாவாடைத் துணியைக் கிழித்துத் திரை கட்டினாள். பாட்டிலை அசைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. கதவை ஓங்கிச் சாத்தக்கூடக் கூடாது.

கேன்டீனில் மட்டும் வரத்து நிற்கவில்லை. இப்போது வேண்டாம் என்று சொன்னால் சமையல்காரர் மனைவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பார். அதனால் அவர் கொடுத்ததை வாங்கி வந்து, வழியில் சாக்கடைப் பக்கம் திறந்துவிட்டுக்கொண்டிருந்தேன்.

ஆடிக் காற்று ஆரம்பித்திருந்தது. ஒரு நாள் காலையில் நைட் ஷிப்ட் முடிந்து வரும்போது வானம் கறுத்து, மழை வரும்போல இருந்தது. வாசலில் அவள் நின்றிருந்தாள். சத்தமில்லாமல் கையைக் காட்டி உள்ளே கூப்பிட்டாள். பாட்டிலுக்குள், அடைத்த வீட்டைவிட்டு வெளியே வந்து, நாரின் மேல் புதிதாக விரித்த ஒரு வெள்ளைப் பாயில், சிலந்தி மல்லாந்து கிடந்தது. எட்டுக் கால்களும் மேலே.

அதைவிடப் பெரிய சங்கடம் சுவரில் இருந்தது. மழைக்கு முன்னால் இடம் மாறுகிற சிற்றெறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு, கூரைக்கும் தரைக்கும் நடுவில் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. வரிசை மாடத்தின் விளிம்பைத் தொட்டிருந்தது. ஒன்றிரண்டு எறும்புகள் பாட்டிலின் மேல் ஏறி மூடியைச் சுற்றிக்கொண்டிருந்தன. நான் போட்ட துளைகள் அவற்றுக்குத் தாராளம். மண்ணெண்ணெய் தடவினால் வாசனையே சிலந்தியைக் கொன்றுவிடும். தரையிலும் எறும்பு.

"நீங்க தூக்கிப் புடிச்சிக்கிங்க. ஆடக் கூடாது," என்றாள்.

இரண்டு கையாலும் பாட்டிலை எடுத்தேன். தளும்பத் தளும்ப நிறைந்த பாத்திரத்தை எடுப்பதுபோல எடுத்தேன். அப்படியே அறை நடுவில் முக்காலியில் உட்கார்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொண்டேன். அவள் ஈரத் துணியின் நுனியால் பாட்டிலில் இருந்த எறும்புகளை ஒவ்வொன்றாக ஒற்றி எடுத்தாள். முக்காலியின் கால்களைச் சுற்றித் தண்ணீர் ஊற்றினாள். தண்ணீர்க் குடத்தோடு அவள் போய் வந்ததைப் பார்த்துவிட்டு, வீட்டுக்கார அம்மாவும் வாசலில் வந்து நின்றார். எங்களிடம் சிலந்தி இருப்பது அவருக்கு அதுவரை தெரியாது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன். கிட்டே வந்து குனிந்து பார்த்தார்.

"ஐயோ பாவம், சத்தோகிதே," என்றார். செத்துப்போச்சு என்று அர்த்தம்.

"இல்லம்மா, சட்டை கழட்டுது," என்றாள் என் மனைவி.

அந்த அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். மழை தொடங்கியது. கூரையில் முதலில் சிதறிச் சிதறி, பிறகு ஒரே இரைச்சலாக. இரவு முழுக்க நின்று வேலை செய்த உடம்பு எனக்கு. கண் செருகிச் செருகித் திறந்தது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் பாட்டிலுக்குள் ஏதோ கொஞ்சம் மாறியிருந்தது. சிலந்தியின் மார்பு ஓரத்தில் ஒரு வெடிப்பு. அப்புறம் முதுகு ஓடு ஒரு மூடிபோலக் கழன்று விலகியது. அப்புறம் உள்ளேயிருந்து பால் நிறத்தில் ஒன்று, ஒரு துடிப்பு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு துடிப்பு என்று தன்னைத் தானே வெளியே இழுத்துக்கொண்டிருந்தது. எட்டுக் கால்களும் ஒன்றாக உருவிக்கொண்டு வந்தன. இறுக்கமான வளையல்களைக் கழற்றும்போது கை எப்படி ஒடுங்கி ஒடுங்கி வருமோ அப்படி. நான் தூங்கினேனா, விழித்திருந்தேனா என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. மழைச் சத்தம் லாரிச் சத்தமாகவும், அது ட்ரில் சத்தமாகவும் மாறிக்கொண்டே இருந்தது. உள்ளே இருந்தது மட்டும் தெளிவாக இருந்தது.

"கையி ஆடவே இல்ல," என்று யாரோ காதருகில் சொன்னார்கள். அதே குரல். இந்த முறை என்னிடம்.

கடைசிக் கால் வெளியே வந்தபோது பழைய உடம்பு ஒரு பக்கமாக, ரோமம் உட்பட அப்படியே ஒரு சிலந்தியாகக் கிடந்தது. புதியது அதன் பக்கத்தில் மல்லாந்தபடியே, தந்தம்போல வெளிறி, மூச்சு வாங்கிக்கொள்வதுபோல ஓய்ந்திருந்தது. பற்கள் இருக்கிற இடமும் வெள்ளையாக இருந்தது. இது எப்படி இதுக்குள்ள இருந்துச்சு என்று வீட்டுக்கார அம்மா தமிழிலேயே முழுதாகக் கேட்டார். பழையதைவிடப் புதியது பெரிதாக இருந்தது. அவர் எழுந்து போய், எங்கள் மூவருக்கும் காபி போட்டு எடுத்துவந்தார். நான் பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. அவள்தான் டம்ளரை என் வாயில் பிடித்துப் புகட்டினாள். அந்த அம்மா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

எறும்புகள் எப்போது போய்ச் சேர்ந்தன என்று நான் பார்க்கவில்லை. மழை விட்டபோது சுவர் வெறுமனே இருந்தது.

உரித்த பிறகும் அவள் உடனே இரை போட விடவில்லை. பல்லெல்லாம் மெத்தென்று இருக்கும், கெட்டியாகட்டும் என்றாள். ஒரு வாரத்துக்கும் மேல் தண்ணீர் மட்டும். சிலந்தியின் நிறம் நாளுக்கு நாள் ஏறியது. சாம்பலில் கறுப்பு வரிகள் எழுந்து வந்தன. காலின் உள்பக்கம் எலுமிச்சை மஞ்சள் தெரிந்தது. பிறகு ஒரு சாயங்காலம் சின்னதாக ஒரு பூச்சி போட்டோம். பழையபடி பாய்ந்து பிடித்து, வட்டமாகச் சுற்றிப் பாய் விரித்தது. அவள் என் தோளில் லேசாகத் தட்டினாள், பார்த்தீர்களா என்பதுபோல.

பகலில் அவள் மறுபடி பேச ஆரம்பித்தாள். இப்போது பாய் ஓரத்தில் வந்து உட்கார்ந்து, தூங்கறிங்களா என்று முதலில் கேட்பாள். நான் ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் சொல்ல வந்ததைச் சொல்வாள். சைக்கிளில் போகிற பெண்ணின் பேரைத் தெரிந்துகொண்டு வந்திருந்தாள். அந்தப் பெண் வேலை செய்கிற கம்பெனியில் ஆள் எடுக்கிறார்களாம். போகட்டுமா என்று கேட்டாள். அரைத் தூக்கத்தில் போ என்றேன். எழுந்த பிறகு மறுபடி கேட்டாள். மறுபடியும் அதைத்தான் சொன்னேன். தை மாதத்தில் அவளும் சைக்கிள் ஓட்டப் பழகியிருந்தாள்.

கேன்டீன்காரர் விஷயம் அதற்கு முன்பே முடிந்தது. ஒரு நாள் டப்பாவைக் கொடுக்கும்போது, உங்க வீட்டம்மாவுக்காகப் பூசையில வேண்டிக்கிட்டு வர்றேன், இப்ப எப்படி இருக்காங்க என்று கேட்டார். அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை டீ சாப்பிட வீட்டுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டேன். பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்தார். என் மனைவி நல்ல ஆரோக்கியத்தோடு டீ கொண்டுவந்து கொடுத்தாள். பிறகு மாடத்திலிருந்து பாட்டிலை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து பாட்டிலுக்குள் பார்த்தார்.

"இதுவும் சாப்பிடாமக் கெடந்து எழுந்த சீக்காளிதானேம்மா," என்றார். "வேண்டிக்கிட்டது வீண் போவல."

அந்தச் சிலந்தி எங்களோடு இன்னும் இரண்டு மழைக்காலம் இருந்தது. ஊறுகாய் பாட்டில் போதாமல் பெரிய பிஸ்கட் ஜாடிக்கு மாற்றினோம். அதற்குப் பிறகும் சிலமுறை சட்டை உரித்தது. நாங்கள் இருவரும் வேலையில் இருக்கும்போது உரித்து முடித்து, பழைய உடம்பை வாசலில் தள்ளிவைத்திருக்கும். எங்கள் மகள் தவழ ஆரம்பித்து, கைக்கு எட்டியதை எல்லாம் இழுக்க ஆரம்பித்தபோது, இனி வேண்டாம் என்று என் மனைவிதான் சொன்னாள். அப்போது அது அவள் உள்ளங்கையை நிறைக்கிற அளவு இருந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில், குழந்தையை வீட்டுக்கார அம்மாவிடம் விட்டுவிட்டு, ஜாடியைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு கெலவரப்பள்ளி பஸ்ஸில் போனோம். அங்கே உள்ள அணையிலிருந்து கால்வாய் போகிற பாதையில் பழைய புளிய மரங்கள் இருந்தன. ஆள் உயரத்தில் பொந்து இருந்த ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, ஜாடியைப் பட்டையோடு சாய்த்துப் பிடித்தேன். அது உடனே வரவில்லை. முன்கால் ஒன்றை நீட்டி மரத்தைத் தொட்டது. எடுத்துக்கொண்டது. மறுபடி தொட்டது. பிறகு முழுதாக இறங்கி, பட்டையின் மேல் ஒட்டிக்கொண்டு நின்றது. நின்ற இடத்திலேயே அது மரத்தின் நிறமாகிவிட்டது. கண்ணை ஒரு நொடி எடுத்துவிட்டுப் பார்த்தால் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது.

பொந்துக்குள் போவதைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று நான் நின்றேன். அது அசையவே இல்லை. கால்வாயில் தண்ணீர் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவளும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு ஜாடியை வாங்கிக் கால்வாயில் அலசி, பையில் போட்டுக்கொண்டாள்.

"அது மெதுவாப் போவும். நாம போலாம், வெயில் ஏறுது," என்றாள்.